பரவாயில்லைப் பல்லி

"பரவாயில்லை சக்தி, பாடத்திட்டக் குழுவுக்கு நீயே போயிட்டு வா. நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்" என்றான் சுடலைமணி.

சுவரிலிருந்த பல்லி "ச்சு ச்சு ச்சு" என்றது. அதன் வால் ஏற்கெனவே அவன் பக்கம்தான் சாய்ந்து கிடந்தது. இப்போது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

பிரமசக்திக்கு மனசு கேட்கவில்லை. மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். "உனக்கும் போகணும்னு இருக்கும்ல? அஞ்சு மணி நேரக் கூட்டம். எல்லாரும் வருவாங்க. ஒவ்வொரு தடவையும் நீயே விட்டுக்கொடுக்கியே மணி."

"என்ன செய்ய? யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்துத்தானே ஆகணும்" என்று பெருமூச்சு விட்டான் சுடலைமணி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் படகேறினாள். தூத்துக்குடி மிதவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படகுதான். படகு திரும்பி மறைந்ததும் சுடலைமணி காலை நீட்டிப் படுத்து, மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தான். அதை யாரும் பார்க்கவில்லை. பல்லிக்குக் காதுதான் உண்டு, கண் கிடையாது.

பல்லி என்றால் பூச்சி பிடிக்கிற பல்லி இல்லை. அரசாங்கக் கடிதங்களில் அதன் பெயர் 'இல்லறச் சமன்மானி'. சண்டைக்கு நடுவே அவ்வளவு நீளப் பெயரைச் சொன்னால் சண்டையே மறந்துபோகும் என்பதால் ஜனங்கள் பல்லி என்று வைத்துவிட்டார்கள். விரல் நீளம் இருக்கும். சுவரில் ஒட்டிக்கொண்டு வீட்டுப் பேச்சைக் கேட்கும். சமயம் பார்த்துக் கத்தும். பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி கத்தினால் சொன்னது சத்தியம் என்று தரையைத் தட்டுகிற ஜனம்தானே நாம்? கருவி வந்த ஒரே வாரத்தில் வீட்டு ஆள் ஆகிவிட்டது.

அது எதற்கு வந்தது என்றால், படித்த தம்பதிகள் படுகிற பாட்டைச் சகிக்க முடியாமல் வந்தது. அந்தக் காலத்தில் புருஷன் ஜம்முவில் பேராசிரியர், பெண்டாட்டி நாகர்கோவிலில் பேராசிரியர், குடும்பம் நடத்துவது நாக்பூர் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் என்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அரசாங்கம் 'இணைப்பணிச் சட்டம்' கொண்டுவந்தது. இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஜோடியாக வேலை. நிபந்தனை ஒன்றே ஒன்று. கூட்டம், வெளியூர் ஆய்வு, வெளிநாட்டுப் பதவி என்று எது வந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். வீட்டில் இருப்பவர் இரண்டு பேர் வகுப்பையும் எடுக்க வேண்டும்.

சட்டம் போட்டவர்களுக்குத் தோன்றாதது, யார் போவது, யார் இருப்பது என்ற கேள்வி. அந்தக் கேள்வியில் எத்தனை தோசைக்கரண்டி பறந்தது என்று பல்கலைக்கழகக் குடியிருப்புச் சுவர்களைக் கேட்டால் சொல்லும்.

அதற்குத் தீர்வு கண்டுபிடித்தவள்தான் நம் பிரமசக்தி. ஒலியியல் பேராசிரியை. அவள் ஆராய்ந்தது ஒரே ஒரு சொல்லை.

பரவாயில்லை. யோசித்துப் பாருங்கள், இதைப்போல ஒரு கள்ளச் சொல் நம்மிடம் வேறு உண்டா? சாம்பார் நன்றாக இருந்தாலும் பரவாயில்லை, நாராசமாக இருந்தாலும் பரவாயில்லை. காலை மிதித்தாலும் பரவாயில்லை, கனவை மிதித்தாலும் பரவாயில்லை. ஒருவர் ஆய்வுக்குப் போக, இன்னொருவர் அடுப்படிக்குப் போகும்போது சொல்வதும் இதே பரவாயில்லைதான். சொல்கிறவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரமசக்தி கண்டுபிடித்தாள். அந்தச் சொல்லின் கடைசி 'ல்லை'யில், மனசுக்குள் எதையோ அடக்குகிறவர்களுக்கு மட்டும் நாக்கில் ஒரு பொடி நடுக்கம் வருகிறது. காதுக்குச் சட்டென்று பிடிபடாது, கருவிக்குப் பிடிபடும். அவள் அதற்குத் 'தியாக நடுக்கம்' என்று பெயர் வைத்தாள். நடுக்கம் இருந்தால் பல்லி கத்தும். விட்டுக்கொடுத்தவர் பக்கம் வால் சாயும். வால் யார் பக்கமோ, அடுத்த நல்ல வாய்ப்பு அவருக்கு. சண்டைக்கு இடமே இல்லை.

இந்த நடுக்கத்தை அவள் முதன்முதலில் கேட்டது சுடலைமணியின் வாயில். கல்யாணமான புதிதில் அவனுக்கு லடாக்கில் ஒரு பனிப்பாறை ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. அவன் கற்பாசி ஆராய்ச்சியாளன். ஆமாம், பிரியாணியில் போடுகிற அதே கற்பாசிதான். சொந்தக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவன் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டான். அதே மாதம் அவளுக்குத் தூத்துக்குடியில் வேலை வந்தது. போனில் சொன்னபோது அவன் ஒரு கணம் மூச்சுப் பிடித்து, "பரவாயில்லை சக்தி. நீ அங்கேயே சேரு. நான் லடாக்கை விட்டுட்டு வந்துருதேன்" என்றான்.

அவளுடைய பதிவுக்கருவி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அந்த 'ல்லை' நடுங்கியது. எனக்காக ஒரு மனுஷன் தன் கனவையே முழுங்கியிருக்கிறான் என்று அழுதாள். அழுது முடித்ததும் அளந்தாள்.

கிலோவுக்கு ஒரு படிக்கல் வைத்திருப்பதுபோல, நாட்டிலுள்ள பல்லிகளுக்கெல்லாம் அந்த ஒரு பரவாயில்லைதான் படிக்கல். 'மூலச்சொல்' என்று பெயரிட்டு டெல்லியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதோடு ஒத்துப்போகிற பரவாயில்லைக்குத்தான் பல்லி கத்தும்.

அவளும் விட்டுக்கொடுத்ததுண்டு. சில வருஷங்களுக்கு முன் அந்தமானில் ஒரு கடலொலி ஆய்வு அவளைத் தேடி வந்தது. அதே சமயம் சுடலைமணிக்கு மேகமலையில் பாசி சேகரிக்கிற வேலை. "பரவாயில்லை, நீ போ" என்றாள். பல்லி கம்மென்று இருந்தது. அன்றைக்கு முழுக்க அவளுக்கு நெஞ்சை அடைத்தது. ஆனால் கருவி சொல்லவில்லையே? அவள் செய்த கருவி, பொய் சொல்லுமா? அப்படியானால் தனக்கு வருத்தமில்லை, இது வாயுத் தொல்லை என்று முடிவு கட்டி ஓமத் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகும் பல தடவை விட்டுக்கொடுத்தாள். பல்லி வாயே திறக்கவில்லை. வீட்டில் ஓம வாட்டர் பாட்டில் மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது. தனக்குக் கல் நெஞ்சு போல என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரே நாளில் இரண்டு அழைப்புகள் வந்தன.

முதலாவது பிரமசக்திக்கு. தென்கடலில் திமிங்கலங்களின் பேச்சைப் பதிவு செய்து அகராதி தொகுக்கக் கப்பல் ஒன்று புறப்படுகிறது. தலைமைத் தொகுப்பாளர் பதவி அவளுக்கு. இரண்டு வருஷம். மனுஷன் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவளுக்குத் திமிங்கலத்தின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது கல்லூரி நாள் முதல் ஆசை. கடிதத்தைப் படித்தவள் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

இரண்டாவது சுடலைமணிக்கு. நிலாத் தோட்டத்தின் தலைவர் பதவி. நிலாப் பாறையில் முதல் உயிராக எதை வளர்ப்பது என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கற்பாசி என்று முடிவுக்கு வந்திருந்தது. அதுவும் இரண்டு வருஷம், அதே மாதம். சுடலைமணி போய், ஜன்னலோரம் ஜாடியில் நிலாத் தூசு மாதிரி ஒன்றைக் கலந்து தான் வளர்த்துவந்த நகத்தளவுப் பாசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டம், மாநாடு என்று எங்கேயும் போகப் பிடிக்காத மனுஷனுக்கு இந்த ஒரு இடத்துக்கு மட்டும் போக வேண்டும் என்றிருந்தது.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். வால் முழுக்க முழுக்க சுடலைமணி பக்கம்.

"உன் முறைதான் மணி" என்றாள் பிரமசக்தி. "எத்தனை கூட்டத்தை, எத்தனை மாநாட்டை எனக்காக விட்டிருக்க. நீதான் போகணும்."

சுடலைமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிலா கண்ணில் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

இவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்றால் சமன் அலுவலர் நேரில் வந்து சாட்சி நிற்க வேண்டும். மறுநாள் காலை அமலோற்பவம் என்ற அலுவலர் அம்மாள் குடையோடு படகிலிருந்து இறங்கினார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "அம்மா, இப்படி பல்லிக்கு முன்னால வந்து நில்லுங்க. தெளிவா, ஒரே தடவை சொன்னா போதும்" என்றார்.

பிரமசக்தி நின்றாள். தொண்டையைச் செருமினாள். "திமிங்கல அகராதிக் கப்பலுக்கு நான் போகல. அவர் நிலாவுக்குப் போகட்டும். பரவாயில்லை."

பல்லி அசையவில்லை.

அமலோற்பவம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே அலைச் சத்தம்தான் கேட்டது. "நல்லதாப் போச்சு" என்றார். "அம்மாவுக்கு இந்தக் கப்பல் மேல பெரிய ஆசை ஒண்ணும் இல்லன்னு பல்லி சொல்லுது. சில வீட்டுல கத்துற கத்துல என் காது போயிரும்."

"ஆமா, இல்லபோல" என்றாள் பிரமசக்தி. இரண்டு கன்னத்திலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "உப்புக் காத்து, கண்ணு கரிக்கு. மணி, அந்த ஓமத் தண்ணியை எடு. நெஞ்சை என்னமோ பண்ணுது."

சுடலைமணி ஓமத் தண்ணீரை எடுக்கப் போனான். பாட்டிலைக் கையில் எடுத்ததும் அவனுக்குச் சுருக்கென்றது. மேகமலைக்குக் கிளம்பிய அன்றும் இதே பாட்டில். அதற்கு முந்தின தடவையும். இவள் சாப்பிடுகிற மூன்று இட்லிக்கு இவ்வளவு வாயு எங்கிருந்து வரும்?

யோசிப்பதற்குள் அமலோற்பவம் கூப்பிட்டார். "சார், நீங்களும் ஒண்ணு சொல்லணும். நிலாவுக்குப் போறதால ஒரு பதவி உங்க கையை விட்டுப் போகுது. வர்ற ஜூன்ல துறைத்தலைவர் முறை உங்களுக்கு. அது இனிமே கிடைக்காது. வருத்தம்தான், என்ன செய்ய?"

துறைத்தலைவர் பதவி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, யாருக்கு எந்த அறை, யார் மின்விசிறியை யார் கழற்றினார் என்று மூன்று வருஷம் பஞ்சாயத்துப் பண்ணுகிற வேலை. முந்தின வாரம்தான் சுடலைமணி, "ஜூன் மாசத்துக்குள்ள எனக்கு ஏதாவது வியாதி வந்துறாதா" என்று கேட்டிருந்தான்.

அவன் பாட்டிலைப் பிரமசக்தியிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "அடடா. துறைத்தலைவர் பதவியா? போகுதா? பரவாயில்லை மேடம்."

பல்லி கத்தியது. இதுவரை அப்படிக் கத்தியதே இல்லை. ச்சு ச்சு ச்சு என்று நிறுத்தாமல் கத்தி, வால் முழு வட்டம் அடித்துச் சுவரில் போய் மோதியது.

"ஐயோ பாவம், எவ்வளவு ஆசை வச்சிருந்திருக்காரு" என்று அமலோற்பவம் உச்சுக் கொட்டினார்.

பிரமசக்தி ஓமத் தண்ணீரைக் கீழே வைத்தாள். அவளுக்குள் இருந்த மனைவி ஒதுங்கிக்கொள்ள, ஒலியியல்காரி முன்னால் வந்து நின்றாள். "மணி. இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"துறைத்தலைவர் பதவி போனா பரவாயில்லைன்னு."

"பரவாயில்லை" என்றான். உதட்டோரம் துடித்தது. பல்லி மறுபடி ச்சு ச்சு ச்சு.

"நீ வருத்தத்தை அடக்கல. சிரிப்பை அடக்குத" என்றாள் அவள். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, "லடாக் வேலையை விட்டப்ப என்ன நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

அவள் 'நீங்க' என்று சொன்னால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். ஒரே வகுப்பில் படித்தவர்கள். 'நீ' என்றால்தான் சமாதானம்.

சுடலைமணி தரையைப் பார்த்தான். "அங்கன தலைமை விஞ்ஞானி ஒருத்தர் இருந்தாருல்லா. தினம் விடியக்காலம், அந்தக் குளிர்ல, எல்லாரையும் வெளிய நிக்க வச்சு, தன்னோட ஆய்வுக் கட்டுரையை வாசிச்சுக் காட்டுவாராம். எனக்கு முன்னால போனவன் சொன்னான். எப்படிடா தப்பிக்கன்னு முழிச்சுட்டு இருந்தேன். நீ போன் பண்ணினே."

"நான் அழுதேன் மணி. அதைக் கேட்டுக் கேட்டு அழுதேன்."

"நீ அழுதது பிறகுதானே எனக்குத் தெரியும். அதுக்குள்ள நீ ஆய்வுக்கட்டுரை எழுதிட்டே. பரிசு கொடுத்துட்டாங்க. டெல்லியில வேற கொண்டுபோய் பூட்டிட்டாங்க. நான் எங்கன போய் சொல்ல? நடுக்கம் நடுக்கம்தானேன்னு விட்டுட்டேன்."

"அப்ப நாடு பூரா பல்லிங்க அளக்குறது தியாகத்தை இல்ல. தப்பிச்சோம்டா சாமிங்கிற சந்தோஷத்தை!"

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. பழமொழி சொன்னவர்கள் இவளை மனசில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்களோ என்னவோ.

அமலோற்பவம் குடையை எடுத்துக்கொண்டு, "நான் வேணா அப்புறமா..." என்று எழுந்தார்.

"உக்காருங்க மேடம்!" என்றார்கள் இருவரும்.

உட்கார்ந்தவருக்குச் சட்டென்று முகம் மாறியது. "அப்ப எங்க வீட்டுல? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்க அம்மா வீட்டுக்கு வர முடியலியே, பரவாயில்லை நீ மட்டும் போயிட்டு வான்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. பல்லி அப்படிக் கத்தும். நானும் அந்த மனுஷனை நினைச்சு அங்க கேக்கைக்கூட வாயில வைக்க மாட்டேனே! இருக்கட்டும். இன்னைக்கு வீட்டுக்குப் போய் பேசிக்கிடுதேன்."

இத்தனை வருஷம் இது எப்படி யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல்லி கத்தியவர்களுக்கு லாபம், அவர்கள் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்கள்? உண்மையில் விட்டுக்கொடுத்தவர்கள் பக்கம் பல்லி கத்தவே இல்லை. அவர்கள் புகார் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் யார்? எதற்கெடுத்தாலும் பரவாயில்லை சொல்லிப் பழகியவர்கள். இதற்கும் பரவாயில்லை என்று போய்விட்டார்கள்.

பிரமசக்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம் வடிந்து, அதற்கடியில் இருந்தது மேலே வந்தது. "அந்தமானை விட்டப்ப வலிச்சுது மணி. ரொம்ப வலிச்சுது. என் நெஞ்சு சொன்னதை நான் நம்பல. இந்த ரெண்டங்குலப் பொம்மையை நம்பி ஓமத் தண்ணி குடிச்சிருக்கேன். நானெல்லாம் ஒரு விஞ்ஞானி."

சுடலைமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னலோரம் ஜாடியில் பாசி பச்சையாக இருந்தது. அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நெஞ்சுக்குள் யாரோ பாறாங்கல்லைத் தூக்கி வைத்தது மாதிரி இருந்தது.

"கப்பலுக்கு நீ போ சக்தி. நிலாவுக்கு வேற யாராவது போகட்டும். பரவாயில்லை."

பல்லி சத்தமே போடவில்லை.

ஆனால் அவளுக்குக் கேட்டது. கருவி எதுவும் இல்லாமல், வெறும் காதில் கேட்டது. 'ல்லை' ஆரம்பித்து, பாதியில் கால் இடறி, எழுந்து நின்றது. இந்த மாதிரி ஒரு பரவாயில்லையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிவுக்கருவியைத் தேடினாள்.

"அசையாத. அதையே இன்னொரு தடவை சொல்லு."

"இப்பவா?"

"நாளைக்குன்னா ஆறிப்போயிரும் மணி. நாட்டுக்கு வேணும்ல?"

அவன் சொன்னான். இரண்டாவது தடவை இன்னும் மோசமாக வலித்தது. அவள் அதைப் பத்திரமாகப் பதிவு செய்தாள்.

சமன்மானி ஆணையம் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கருவியை மாற்றுவதைவிடத் தியாகம் என்பதற்கு விளக்கத்தை மாற்றினால் செலவு மிச்சம் என்று ஓர் உறுப்பினர் வாதாடினார். பிரமசக்தி டெல்லிக்குப் போய் மேஜையைத் தட்டிவிட்டு வந்தாள். கடைசியில் மூலச்சொல்லை எடுத்துவிட்டு, சுடலைமணியின் புதுப் பரவாயில்லையை வைத்துப் பூட்டினார்கள். வீட்டுக்கு வீடு புதுப் பல்லி வந்தது. அவள் கப்பலேறினாள். அவன் துறைமுகத்தில் கையாட்டிவிட்டு, இரண்டு பேர் வகுப்பையும் தலையில் கட்டிக்கொண்டு திரும்பினான். போதாததற்கு, ஜூன் மாதம் துறைத்தலைவராகவும் ஆனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடு முழுக்கப் புதுப் பல்லிகளை முடுக்கிவிட்டார்கள்.

காலை இட்லிக்கே கத்த ஆரம்பித்தன. "உடைஞ்ச இட்லியா? பரவாயில்லை, எனக்கு வைங்க." ச்சு ச்சு. "நீ தூங்கு, நான் எந்திரிச்சு பாத்துக்கிடுதேன், பரவாயில்லை." ச்சு ச்சு. "உன் கட்டுரையை முதல்ல முடி. என்னோடது அடுத்த வருஷம். பரவாயில்லை." ச்சு ச்சு ச்சு ச்சு. மத்தியானத்துக்குள் பல்லி கத்தாத வீடே இல்லை. கத்தாமல் இருந்த ஓரிரு வீடுகளில் ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். வால்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்தன. எந்தப் பக்கம் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வால் சாயாத பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தது சரி. சாய்ந்த பக்கத்து ஆட்களுக்கும் கோபம் வந்ததுதான் ஆணையத்துக்குப் புரியவில்லை. "முன்னெல்லாம் பரவாயில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா வீடு அடங்கும். இப்ப சொல்லி முடிக்கிறதுக்குள்ள இது காட்டிக்கொடுக்குது. அவர் முகம் சுண்டிப் போகுது. அவரைத் தேத்துற வேலையும் என் தலையிலதான் விழுது. அதுக்கும் பரவாயில்லைன்னா மறுபடி கத்துது" என்று ஒரு கணிதப் பேராசிரியை ஆணையத்தின் வாசலில் பல்லியை வீசிவிட்டுப் போனார். சமாதானமாக ஒரு பொய் சொல்ல முடியாமல் நாடே தவித்தது. பழைய பல்லிதான் வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள்.

அரசாங்கம் பணிந்தது. வீட்டுக்கு வீடு ஆளனுப்பி, புதுசா பழசா என்று ஒரே கேள்வி கேட்டு, வாயால் பதில் வாங்கச் சொன்னது.

அமலோற்பவம் சுடலைமணி வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். அவன் ஒலியியல் விடைத்தாள் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்து பிரமசக்தியோடு பேசிக்கொண்டிருந்தான். செயற்கைக்கோள் வழியாகக் கப்பல் போன் நன்றாகவே கேட்டது.

"இங்கயும் ஒரே பல்லிச் சத்தம்தான் மணி" என்றாள் பிரமசக்தி. "இந்தத் திமிங்கலங்க பேச்சே ச்சு ச்சுதான். யார் யாருக்காக எதை விட்டுக்கொடுக்குதுங்களோ. நீ எப்படி இருக்க? நிஜமா சொல்லு."

சுடலைமணி வாயைத் திறந்து, பல்லியைப் பார்த்து, மூடிக்கொண்டான். போன வாரம் இதே கேள்விக்கு, "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லித் தொலைத்திருந்தான். பல்லி கத்தியது. அவளுக்குக் கேட்டுவிட்டது. இரண்டு நாள் அவள் ஒரு திமிங்கலத்தின் பேச்சையும் கேட்கவில்லையாம். அடுத்த துறைமுகத்தில் இறங்கித் திரும்பிவிடுவதாகச் சொன்னவளைத் தடுப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜன்னலோரம் ஜாடியில் பாசி இப்போது உள்ளங்கை அளவு படர்ந்திருந்தது. நிலாவுக்கு வேறு யாரோ போயிருந்தார்கள்.

"சார், எல்லா வீட்டுலயும் கேட்டாச்சு" என்றார் அமலோற்பவம். "உங்க குரல்லதான் ரெண்டு பல்லியும் செஞ்சது. உங்ககிட்டயும் கேக்கணும்னு உத்தரவு. புதுசு இருக்கட்டுமா, பழசையே மாட்டிரவா?"

"எங்க வீட்டுல புதுசுதான்" என்று போனிலிருந்து முந்திக்கொண்டாள் பிரமசக்தி. "உண்மை தெரிஞ்சாகணும். என்ன மணி?"

சுடலைமணி சுவரைப் பார்த்தான். அது சரியான பல்லி. அவன் மனசைத் தப்பாமல் சொல்கிற ஒரே ஜீவன். இனிமேல் அவனுக்கு வலித்தால் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் அவள் வந்துவிடுவாள். வந்துவிட்டால் திமிங்கலங்களோடு யார் பேசுவது?

"அது எதுக்கு மேடம்" என்றான். "பழைய பல்லியே பரவாயில்லை."

ச்சு ச்சு ச்சு.

போனில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிரமசக்தி, "மணி, கேட்டுச்சு" என்றாள்.

"எல்லா வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க சார். எல்லா வீட்டுலயும் கத்துச்சு" என்றார் அமலோற்பவம். "வாயால சொன்னதை மட்டும்தான் எழுதிக்கிடச் சொல்லியிருக்காங்க."

எழுதிக்கொண்டு, எக்கிப் புதுப் பல்லியைச் சுவரிலிருந்து பிய்த்துப் பைக்குள் போட்டார். படகில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது பைக்குள் கத்திக்கொண்டிருந்தது.